தூக்கிப் பார்த்த தயிர்

கூம்பு மெதுவாக இறங்கித் தயிரைத் தொட்ட நொடியில், எதையோ செய்யாமல் விட்டுவிட்டோம் என்று மங்கையர்க்கரசிக்குத் தோன்றியது. எதை? கேஸை அணைத்தாயிற்று, சிலிண்டர் வாயையும் திருகியாயிற்று. மோட்டார் ஸ்விட்ச்? இன்று மோட்டாரே போடவில்லை. வாசல் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது இன்னும் கையிலேயே இருக்கிறது. பின்னே என்ன? இந்த வியாதி அவளுக்குக் கல்லூரி நாளிலிருந்தே உண்டு. பரீட்சை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் பதிவு எண் போடவில்லை என்று அடித்துச் சொல்வாள், போட்டிருப்பாள். இதுவும் அப்படித்தான் என்று தன்னையே ஓர் அதட்டு அதட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள். மணி பன்னிரண்டு ஐந்து. ஐந்து நிமிடம் தயிருக்கு ஓய்வு, பிறகுதான் ஓட்டம். ரியோமீட்டர் என்கிற அந்த மிஷின் பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டு, மேலே ஒரு தட்டைக் கூம்பு, நடுவில் அரைக் கரண்டி தயிர். கூம்பு சுற்றும். சுற்ற விடாமல் தயிர் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று மிஷின் அளந்து திரையில் ஒரு புள்ளி வைக்கும். இருபது நிமிடம் வேகம் ஏறும், இருபது நிமிடம் இறங்கும், புள்ளிகள் சேர்ந்து கோடாகும். இவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் ஒரு மனுஷி மூன்று வருஷம் சோறு தண்ணி மறந்து கிடந்தாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளே எத்தனையோ நாள் சிரித்திருக்கிறாள். இன்றைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் மூன்று மணிக்கு ஆய்வுக் குழு உட்காருகிறது.

குழுவில் மூன்று பேர் இருந்தாலும் வாய் திறப்பது ஜெயசீலி மேடம்தான். அவளுடைய வழிகாட்டி, நாகர்கோவில்காரர். திட்டும்போதுகூட மக்ளே என்றுதான் ஆரம்பிப்பார், அந்த மக்ளேக்குத்தான் எல்லோரும் நடுங்குவார்கள். போன மாதம் ஆறு கோடுகளையும் ஒரே தாளில் ஆறு நிறத்தில் அச்சடித்துக் கொண்டுபோய் வைத்தபோது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: “ஒரே பாலு, ஒரே பாக்டீரியா, ஒரே மிஷினு. ஆறு தடவ ஓட்டி ஆறு கோடு வருதுன்னா அதுக்குப் பேரு முடிவு இல்ல மக்ளே, கோலம். ஏழாவது ஓட்டு. பழைய ஆறுல ஏதாவது ஒண்ணு மேலயாவது போய் உக்காரணும். இல்லேன்னா இந்தக் கோ-4 வேண்டாம். விலைக்கு வாங்கின பாக்டீரியாவ வச்சு முதல்லேருந்து ஆரம்பி.” முதலிலிருந்து! ஆய்வுக் காலம் முடிய ஏழே மாதம் இருக்கிறது. மூன்று வருஷத்தில் முடியாதது ஏழு மாதத்தில் முடியுமா என்று கேட்கத் தொண்டை வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது, அதை மேடத்திடம் சொல்ல முடியாது. வேண்டாம் என்று முடிவாகிவிட்டால் கோ-4 இருக்கிற குப்பிகளை எல்லாம் அந்தப் பெரிய குக்கர் மாதிரிக் கலனில் வைத்து அவித்துக் கொட்டிவிடுவார்கள். பதிவேட்டில்தான் அது கோ-4, கோபிசெட்டிபாளையத்துக் கோ. மனசுக்குள் அவள் அதற்கு வைத்திருக்கிற பெயர் கல்யாணி. பாக்டீரியாவுக்குப் பெயர் வைப்பவளைப் பார்த்து நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதால் வெளியே சொன்னதில்லை. சொன்ன ஒரே ஆள் சென்னியப்பன், அதுவும் கட்டின புருஷன் என்பதால்.

கல்யாணி கிடைத்ததே அவர்களுடைய கல்யாணப் பந்தியில்தான். கோபியில் மண்டபம், பத்து மணி வெயிலிலேயே கொதித்துக் கிடந்தது, தாலி ஏறி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மாப்பிள்ளையும் பொண்ணுமாக இலை முன்னால் உட்கார்ந்து ரசம் தாண்டித் தயிருக்கு வந்தார்கள். பரிமாறியவர் கரண்டியைக் கவிழ்த்துத் தூக்கினார். தயிர் அறுபடவில்லை. இலையிலிருந்து கரண்டி வரைக்கும் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளை நூலாக நின்றது. மாமனாரின் தம்பி துண்டை உதறிக்கொண்டு எழுந்து, “கெட்டுப்போன தயிர ஊத்தறீங்களே, எங்களையெல்லாம் என்னன்னு நெனச்சீங்க?” என்று சத்தம் போட, சமையல்கார மாரப்பன் வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்க, மங்கையின் அப்பாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. எல்லோரும் தலையில் கை வைத்த அந்த நேரத்தில் பொண்ணு என்ன செய்தாள்? நெற்றிச்சுட்டி ஆட ஆடக் குனிந்து, தயிரில் விரலை விட்டுத் தூக்கினாள். நூல் வந்தது. மோந்து பார்த்தாள், வாயில் போட்டாள். நல்ல புளிப்பு, கொஞ்சம் வெண்ணெய் வாசம், ஒரு கெட்ட நாற்றம் கிடையாது. “கெடலீங்க மாமா!” என்று கத்தியே விட்டாள். “இதுல இருக்கிற பாக்டீரியா சர்க்கரையச் சங்கிலி சங்கிலியாக் கோத்து வெளிய விடுதுங்க. அதுதானுங்க இந்த நூலு!” பந்தியே வாயைப் பிளந்தது. அப்போது பக்கத்து இலைக்காரன், அதுவரை அவளோடு பத்து வார்த்தைகூடப் பேசியிராத சென்னியப்பன், தன் இலையிலும் விரலை விட்டு ஒரு நூல் தூக்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, “அறுபதாம் நம்பர் வரும் போல, நல்ல இழை” என்றான். பல்லடத்தில் நூல் மில்லில் இழையின் மென்மைக்கு நம்பர் சொல்லித் தரம் பார்க்கிற வேலை அவனுக்கு. யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு பந்தி முழுக்கச் சிரித்தது, மாமனாரின் தம்பியும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குங்குமச் சிமிழைக் கழுவி அதில் தயிரை நிரப்பி, புகுந்த வீட்டுக்குப் பால் பழம் சாப்பிடப் போனவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். அந்த ஒரு விநாடியில், நூலை வெளிச்சத்தில் பிடித்த அந்த விநாடியில்தான், இந்த ஆள் பரவாயில்லை என்று அவளுக்குப் பட்டது.

டிக். ஓய்வு முடிந்து கூம்பு நகர ஆரம்பித்தது. நகர்வது கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு மெது. மிஷினின் ரீங்காரம், ஏசியின் குளிர், பக்கத்து அறையில் உதவியாளர் காதர் மொய்தீன் டிபன் கேரியரைத் திறந்து வைத்த கறிக்குழம்பு வாசனை. பசி என்று ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. காலையில் சாப்பிட்டோமா? இட்லி. இரண்டா மூன்றா? மூன்று. அப்படியானால் விட்டுப்போனது அதுவும் இல்லை. திரும்பவும் அந்த அரிப்பு, எதையோ செய்யவில்லை, எதையோ. குப்பியின் மேல் தேதி எழுதினாள். தட்டைத் துடைத்தாள். வெப்பம் இருபது டிகிரி, பார்த்தாள். பார்த்ததை எழுதினாள். விடு, விடு. இந்தத் தட்டுக்கும் கூம்புக்கும் நடுவில் இப்போது நடப்பதை நினைத்தால் அவளுக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் வரும், மேடம் திட்டினாலும் வரும், காய்ச்சலில் கிடந்தாலும் வரும். பாலை உறைய வைக்கிற பாக்டீரியாக்கள் எத்தனையோ உண்டு. உறைய வைத்துவிட்டுச் சும்மா இருக்கும். கல்யாணி சும்மா இருப்பதில்லை. சர்க்கரையை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துச் சங்கிலியாக்கி, தன்னைச் சுற்றி விட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கி, பாலின் புரதத்தோடும் சிக்கி, தயிரைக் கட்டி நிறுத்தும். மெதுவாகத் தள்ளினால் முறைக்கும். வேகமாகத் தள்ளினால் சிக்குகள் அவிழ்ந்து, சங்கிலிகள் எல்லாம் ஓடுகிற திசைக்கே படுத்து, அதுவே வழிவிட்டு ஓடும். குழந்தையை எழுப்புகிற மாதிரி, மெல்லத் தட்டினால் அசையாது, உலுக்கினால் எழுந்து ஓடிவிடும். வேகம் கூடக் கூட இளகுகிற இந்தக் குணம் தண்ணீருக்குக் கிடையாது, எண்ணெய்க்குக் கிடையாது. உலகத்தில் எத்தனை பேருக்கு இதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே முதல் புள்ளி விழுந்தது. பழைய கோடுகளின் தாள் பக்கத்திலேயே இருந்தது. எண்ணைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், திரும்ப எண்ணைப் பார்த்தாள். ஆறு கோடுகளில் எதன்மேலும் இல்லை. உச்சியில் இருந்த சிவப்புக் கோட்டுக்கும் மேலே போய் விழுந்திருந்தது.

முதல் புள்ளிதானே, சில சமயம் அப்படித்தான் இருக்கும். இரண்டாவது விழட்டும். விழுந்தது, மேலே. மூன்றாவதும் மேலே. நாலு, ஐந்து, எல்லாம் வரிசையாக, அழகாக, ஒரு நெளிவு சுளிவு இல்லாமல், ஆறு கோடுகளுக்கும் மேலே தனியாக ஏழாவது கோடு. போச்சு. ஏழு தடவைக்கு ஏழு கோடு. மேடம் கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மக்ளே என்பார். குப்பிகள் அவிந்துபோகும். பந்தியில் ஊரே பார்க்கக் கத்திச் சொன்னோமே, கெடலீங்க மாமா என்று, அந்த வாய் என்ன ஆகும்? இல்லை, கெடவில்லைதான், அதில் சந்தேகமே இல்லை, கெட்டது இவள் கைதான், இந்தக் கைக்கு ஆராய்ச்சி ராசி இல்லை. அழுதுவிடலாம் போல இருந்தது, காதர் அண்ணன் பக்கத்தில் இருக்கிறாரே என்று அடக்கினாள். அடக்கிக்கொண்டே பார்த்தாள், பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவு நல்ல கோடு அது. பன்னிரண்டரைக்கு வேகம் உச்சிக்குப் போய், இறங்க ஆரம்பித்தது. இறங்குகிற புள்ளிகள் ஏறின வழியில் திரும்பவில்லை. எப்போதும் திரும்பாது. ஏறும்போது உடைந்தது இறங்கும்போது முழுசாகச் சேராது, அதனால் இறங்குகிற கோடு எப்போதும் கொஞ்சம் தாழத்தான் வரும். இது அவளுக்கு மனப்பாடம். தனக்கு நடந்ததைத் தயிர் மறப்பதில்லை என்று முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதே அவள்தான். தாழ்ந்து வந்த புள்ளிகள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தன, அதையும் தாண்டி நீலத்துக்குப் பக்கத்தில் வந்தன. தனக்கு நடந்ததைத் தயிர் மறப்பதில்லை. நடந்ததை. சரி, இந்தக் கிண்ணத்துக்கு இன்றைக்கு என்ன நடந்தது? ஒன்றுமே நடக்கவில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தாள், ஓரத்தில் வெட்டி அரைக் கரண்டி தட்டில் வைத்தாள். அவ்வளவுதான். தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

தூக்கிக்கூடப் பார்க்கவில்லை! அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். அதுதான், இவ்வளவு நேரம் அரித்தது அதுதான். ஒவ்வொரு தடவையும் மிஷினில் வைப்பதற்கு முன்னால் கரண்டியைக் கிண்ணத்தில் விட்டு, நூல் வருகிறதா என்று தூக்கிப் பார்ப்பாள். பார்க்க வேண்டும் என்று எந்தக் குறிப்பிலும் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் அதை எழுதினதும் இல்லை; ஆசைக்குத் தூக்கிப் பார்ப்பதை யாராவது எழுதுவார்களா? தூக்கின நூலை அப்படியே போனில் படம் எடுத்து, சென்னியப்பனுக்கு அனுப்புவாள். படம் சரியாக விழாவிட்டால் இன்னொரு தடவை தூக்கி, அதையும் அனுப்புவாள். இன்றைக்குப் பயம். நூல் வராமல் போய்விட்டால் என்ற பயத்தில் தூக்கவே இல்லை. பார்ப்பதுதானே, பார்ப்பதால் என்ன ஆகப்போகிறது என்று இருந்திருக்கிறாள். அடி பாவி, நீ பார்க்கவில்லை, உடைத்திருக்கிறாய். கரண்டி ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் கல்யாணி கட்டி வைத்ததைப் பிய்த்து எறிந்துவிட்டு, பிறகு மிஷினில் கொண்டுபோய் வைத்து, ஏன் ஒன்றுபோல வரவில்லை என்று அதையே கேட்டிருக்கிறாய். அப்படியானால் எந்த நாள் எத்தனை தடவை தூக்கினாள் என்று தெரிந்தால் போதும். எங்கே போய்த் தேடுவது? தடவைக்கு ஒரு படம், ஆனால் இடம் போதவில்லை என்று அவளுடைய போனில் அவ்வப்போது எல்லாவற்றையும் அழித்துவிடுவாள். பையைக் கவிழ்த்துப் போனை எடுத்தாள். மில்லில் இப்போது சாப்பாட்டு வேளை, எடுப்பான், எடுக்க வேண்டும்.

எடுத்தான். “என்ன கண்ணு, முடிஞ்சுதா?” “ஏனுங்க, நான் அனுப்புன தயிர் படமெல்லாம் அழிச்சுட்டீங்களா?” “அதையெல்லாம் அழிப்பாங்களா? தனியாப் போட்டு வெச்சிருக்கறேன்.” மூன்று வருஷமாக ஒரே மாதிரி வெள்ளை நூல் படங்கள், அம்மா அப்பா படத்துக்குக்கூடத் தனி இடம் ஒதுக்காத மனுஷன். “ஜனவரி இருபத்திரண்டுக்கு எத்தனை படமுன்னு பாருங்க.” தாளில் சிவப்புக் கோட்டின் தேதி அது. “ஒண்ணு.” “பிப்ரவரி ஒம்போது?” நீலம், சிவப்புக்கு அடுத்தது. “ரெண்டு.” ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தாள். பச்சைக்கு மூன்று. அதற்கும் கீழே ஆரஞ்சு, ஐந்து. அதற்கும் கீழே கறுப்பு, “இரு, எண்ணறேன், எட்டு. அன்னிக்கு வளைச்சு வளைச்சு எடுத்திருக்கறே” என்றான். மேலிருந்து கீழே ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, எண்ணி அடுக்கின மாதிரி. எல்லாவற்றுக்கும் அடியில் ஊதா. தூக்கித் தூக்கிக் கந்தலாக்கின நாள் அதுவாகத்தான் இருக்க வேண்டும். “ஜூலை மூணு பாருங்க, நெறைய இருக்கும்.” “ஜூலை மூணுக்கு ஒண்ணுமே இல்ல கண்ணு.” “நல்லாப் பாருங்க.” “பாத்துட்டுத்தான் சொல்றேன். ரெண்டுல இல்ல, மூணுல இல்ல, நாலுல இல்ல.” படமே இல்லை என்றால் தூக்கவில்லை. தூக்காத தயிர் எல்லாவற்றுக்கும் மேலே அல்லவா நிற்க வேண்டும்? அதுவோ அடியில் கிடக்கிறது. அவ்வளவு நேரம் பொங்கி வந்தது அப்படியே அடங்கியது. ஒரே ஒரு கோடு பொருந்தாவிட்டாலும் மேடம் மற்ற ஐந்தையும் ஒதுக்கிவிடுவார், ஒதுக்குவதுதான் நியாயமும். சரிங்க, வெச்சுடறேன் என்று சொல்லப் போனாள். “ஏய், இரு இரு” என்றான் அவன். “ஜூலை மூணு எங்க அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு கட்டுப் பிரிச்ச நாளு. அன்னிக்கு நீ வீடியோவுல வந்தே. அம்மா மொதல்ல பாக்கறது மருமக தயிராத்தான் இருக்கோணும்னு நீதான் காட்டுனே. அம்மா பாத்துச்சு, சித்தி பாத்துச்சு, பக்கத்து வீட்டுக்காரங்க, பால் ஊத்த வந்தவரு, எல்லாரும் இன்னொருக்கா தூக்கு இன்னொருக்கா தூக்குன்னு. பதினஞ்சு இருபது தடவையாச்சும் தூக்கியிருப்பே.” அவள் போட்ட சத்தத்தில் காதர் மொய்தீன் சோற்றுக் கையோடு ஓடி வந்தார். “என்னம்மா, மிஷின் போயிருச்சா?” “மிஷின் நல்லாருக்குண்ணா, தயிரும் நல்லாருக்கு, ஆறு தடவையும் நான்தாண்ணா கெடுத்திருக்கேன்!” என்று குதித்தாள். இவ்வளவு சந்தோஷமாகத் தப்பை ஒத்துக்கொள்கிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மேடத்தின் கதவைத் தட்டக் கூடாது என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். தட்டினாள். மேடம் தாளைப் பார்த்தார், பென்சில் எண்களைப் பார்த்தார், ஊதாவுக்கு நேரே இருந்த இருபதை இருபது தடவை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. “இதெல்லாம் உன் வீட்டுக்காரர் சொன்ன கணக்கு. எனக்கு இங்க காட்டு. இன்னொரு கிண்ணம் இருக்குல்லா? அஞ்சு தடவ தூக்கிட்டு ஓட்டு.” ஒன்றேகாலுக்கு மங்கை கரண்டியைக் கையில் எடுத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக எண்ணிக்கொண்டு தூக்கினாள். காதர் அண்ணனும் கூடச் சேர்ந்து எண்ணினார். ஐந்து என்றதும் மேடம், “போதும், ஆசை வேண்டாம்” என்றார். தயிருக்கு ஐந்து நிமிட ஓய்வு. அந்த ஐந்து நிமிடத்தில் மங்கைக்கு நினைவு எங்கேயும் ஓடவில்லை, பூட்டும் வரவில்லை, மோட்டாரும் வரவில்லை, பசிகூட இல்லை, வெறுமனே திரையிலேயே கண்ணாக இருந்தாள். முதல் புள்ளி ஆரஞ்சுக் கோட்டின் மேல் விழுந்தது. இரண்டாவது அதன்மேல், மூன்றாவது அதன்மேல். பத்தாவது புள்ளிவரை மேடம் நின்றுகொண்டே பார்த்தார், பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அப்படியானால் கறுப்பும் சரி, பச்சையும் சரி, அந்த ஊதாவும் சரி, மூன்று வருஷத்தில் கல்யாணி ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. மங்கைக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, துடைக்கத் தோன்றவில்லை. மேடம் திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே கேட்டார்: “இந்தக் கோ-4ஐ வேண்டாம்னு சொன்னது யாரு மக்ளே?” “நீங்கதான் மேடம்” என்று சொல்லிவிட்டு மங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜெயசீலி மேடம் சிரித்தார். அவர் சிரித்து இவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.